ஈரத்துக்குக் கழிவு

குலசேகரம் சந்தைக்குப் பின்னே
செல்வின்தாஸ் ரப்பர் கடையில்
தராசுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவள் நான்.
ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பேன்.
தேன்நிறத்தில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால்
உள்ளே ஈரம்.
பத்து கிலோவுக்கு அரை கிலோ கழிவு.
தெரியாவிட்டாலும் அரை கிலோ கழிவு.
இரண்டாவது விதி எங்கும் எழுதியில்லை.
வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள்
முதலாளியின் புருவத்தில் படித்துக்கொண்டேன்.

எங்கள் பக்கம் முதலில் பெயரைக் கேட்பதில்லை.
நீ ஆருக்க ஆளு? என்பார்கள்.
பத்து வயதில் நான் கொத்தன் ஜோண்சனுக்க மொவ.
இருபத்திரண்டில் சிபுவுக்க பெண்டாட்டி.
சவுதியிலிருந்து அவன் அழைப்பது நின்ற பிறகு
கொஞ்ச நாள் ஒருத்தருக்க ஆளுமில்லை.
அப்புறம் கடைக்க ஆளு.
'எனக்க' என்று சொல்லும்போதுகூட
யாரோ எனக்கென்று நீட்டியதை
வாங்கி வைத்துக்கொண்ட மாதிரிதான்
காதில் விழுகிறது.

எட்டேகால் பேச்சிப்பாறை வண்டியில்
நிற்கவும் இடமிருக்காது.
உட்கார்ந்திருக்கும் மடிகள்
நிற்கிறவர்களின் பைகளை வாங்கிக்கொள்ளும்.
கேட்க வேண்டாம். கை தானாக நீளும்.
என் மகனை, மூன்று வயது, ஒருத்தி வாங்கினாள்.
வளைவில் அவள் சேலை முழுக்க
காலையில் தின்ற புட்டையும் பழத்தையும் கக்கினான்.
"போட்டு, பிள்ளையல்லியா" என்றாள்
ஜன்னல் பக்கம் அவன் முகத்தைத் திருப்பியபடி.
இறங்கும்போது
அவள் கழுத்தை விட மாட்டேன் என்று அழுதான்.
அவ்வளவுதான் எங்களுக்குள்.

மழை விட்ட ஒரு செவ்வாய்க்கிழமை
கடைக்கு வந்தாள்.
தலைச்சுமையில் பதினெட்டு ஷீட்டு.
ஒன்றைத் தூக்கிப் பிடித்தேன்.
ஒரு புள்ளி இல்லை.
அதற்கு அந்தப் பக்கம் அவள் நிற்பது
மங்கலாய்த் தெரிந்தது, வியர்வையைத் துடைப்பதும்.
வாய் வழக்கப்படி தொடங்கியது:
"ஈரத்துக்கு..."
அதற்கு மேல் வரவில்லை.
முழு எடைக்கும் எழுதினேன்.
பில்லுக்காகப் பெயர் கேட்டேன்.
பிரேமலெதா.

அதோடு முடிந்திருந்தால் நல்லது.
தெரிந்தவளுக்குச் செய்தேன் என்று
நானே என்னிடம் சொல்லிக்கொண்டிருப்பேன்.
அடுத்து நின்றவர் ஈச்சன் காணி.
மலையிலிருந்து ஜீப் பிடித்து வந்தவர்.
என் பிள்ளையை அவர் தூக்கியதில்லை.
அவருடைய ஷீட்டும் நன்றாகக் காய்ந்திருந்தது.
கழிவுக் கட்டத்தின் மேல்
பேனா நின்று ஆடிற்று.
அவரும் எந்த வண்டியிலோ
எவருடைய குழந்தையையோ ஏந்தியிருப்பார் என
நினைத்தேன் என்றால் பொய்.
பிரேமலெதா இன்னும் போகவில்லை,
சும்மாட்டுத் துணியை உதறிக்கொண்டு
வாசலில் நிற்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது.
அவள் நிற்கையில் என் கை
அந்த அரை கிலோவை எழுதவில்லை.
அவளுக்கு முன்னால் நான் இன்னொருத்தி.
அந்த இன்னொருத்தியை
அதுவரை நானே பார்த்ததில்லை.

சாயங்காலம் முதலாளி பில் புக்கைப் புரட்டினார்.
இரண்டு தாளில் விரல் நின்றது.
"நீ ஆருக்க ஆளுட்டீ?"
ஒரு பதில்தான் அவருக்கு வேண்டும்.
அது என் நாக்கின் நுனியில் இருந்தது,
சம்பளமும் அதன் கூடவே.
ஃபேன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.
எழுநூறு ரூபாய் பிடித்தார்.

மறுவாரம் திரும்பக் கழித்தேன்.
எல்லோருக்கும் இல்லை.
யாருக்கு என்று சொல்ல வெட்கமாயிருக்கிறது.
ஒவ்வொரு ஷீட்டையும் தூக்கும்போது
அந்தப் பக்கம் யாரோ நிற்கிறார்கள்.
முன்பும் நின்றிருப்பார்கள்.

இன்று அதிசயமாய் வண்டியில் இடம் கிடைத்தது.
நெரிசலுக்குள்ளிருந்து ஒரு பை நீண்டது.
வாங்கி வைத்துக்கொண்டேன்.
மீனோ, தோசைமாவோ, எதுவோ அடியில் கசிந்தது.
ஆருக்க பை என்று நிமிர்ந்து பார்க்கவில்லை.
திருநந்திக்கரை தாண்டுவதற்குள்
மடி நனைந்திருந்தது.